பெரியவர்கள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை எப்படிப் பார்த்து வாங்குவது? சென்னையில் பீச் வரை அதை எப்படி எடுத்துப்போவது?

உங்களுக்கு 60 வயது, தலைசுற்றல் வந்ததிலிருந்து சாதா சைக்கிளைத் தொடுவதில்லை, அண்ணா நகரில் மூன்றாவது மாடி, ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் பீச் ரோட்டில் ஓட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய என் கதை. எனக்கு 63. காதுக்குள் வந்த கோளாறால் பேலன்ஸ் போய், நான்கு வருடமாக மூன்று சக்கரம்தான்.

வாங்கலாம். ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் லிஃப்டுக்குப் போங்கள். நான் போகவில்லை. சீட் அகலமா, கூடை அழகா என்று பார்த்து வாங்கிவிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி சுமார் ஆறடி நீளம், பின்பக்கம் இரண்டரை அடி அகலம் இருக்கும். கே.கே. நகரில் எங்கள் லிஃப்டுக்குள் நுழைந்தது, கதவுதான் மூடவில்லை. கூடையைக் கழற்றிவிட்டு, முன்சக்கரம் மேலே பார்க்கிற மாதிரி தூக்கி நிறுத்தினால் அடங்கும். இருபத்தைந்து கிலோவைத் தினமும் யார் தூக்கி நிறுத்துவது? கீழே பார்க்கிங்கில் தூணோரம் விட்டேன். அசோசியேஷன் செகரட்டரி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், இதை டூவீலர் கணக்குல எழுதறதா, கார் கணக்குல எழுதறதா?" என்றார். மூன்று மாதம் அந்தப் பஞ்சாயத்து ஓடியது.

வகையைப் பொறுத்தவரை, முன்னால் ஒன்று பின்னால் இரண்டு சக்கரம் உள்ளதுதான் இங்கே சுலபமாகக் கிடைக்கும். மீன்பாடி வண்டி மாதிரி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்ற அமைப்பிலும் உண்டு. சாய்வு நாற்காலியில் கிடப்பது போல உட்கார்ந்து ஓட்டுவது. இங்கிலாந்தின் ஐ.சி.இ., ஜெர்மனியின் ஹெச்.பி. வெலோடெக்னிக் போன்ற கம்பெனிகள் அதில் மடக்கும் வண்டிகளே செய்கின்றன. திருப்பத்தில் நன்றாக நிற்கும், மடக்கிக் காரில் போடலாம். ஆனால் சீட் தரையோடு தரையாக இருக்கும். உயரமாகக் கொடி கட்டினால்தான் பஸ் டிரைவர் கண்ணில் படுவோம். அதிலிருந்து எழுந்து நிற்க நம் வயது முழங்காலும் சம்மதிக்க வேண்டும். எனக்குச் சம்மதிக்கவில்லை.

சரி, சாதா மூன்று சக்கரத்துக்கு வருவோம். இது கவிழாது என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். இரு சக்கர சைக்கிள் திருப்பத்தில் நம்மோடு சேர்ந்து சாயும், இது சாயாது. முதல் நாள் தெருமுனையில் பழைய நினைப்பில் அதே வேகத்தில் இடப்பக்கம் திருப்பினேன். இடது பின்சக்கரம் மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்பியது. நின்றிருந்த தண்ணி லாரி மீது சாய இருந்தேன், பிரேக் காப்பாற்றியது. திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும் பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சைக்கிளே ஓட்டியறியாத என் தங்கை பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டாள். நாற்பது வருடம் ஓட்டிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. பழகிய உடம்பு சாய்ந்தே திருப்பப் பார்க்கிறது, இதில் ஹேண்டிலைத் திருப்பினால்தான் வண்டி திரும்பும்.

நம் ரோடுகள் மழைத்தண்ணீர் வடிய ஓரமாகச் சரிந்திருக்கும். வண்டியும் தானாக இடப்பக்கம் இழுக்கும், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். பள்ளத்தை முன்சக்கரம் தாண்டிவிடும், பின்சக்கரம் ஒன்று கரெக்டாக அதில் இறங்கும், ஏனென்றால் மூன்றும் மூன்று தடத்தில் போகின்றன. ரொம்ப முக்கியமாக, நிறுத்தும்போது பழக்கதோஷத்தில் காலைக் கீழே வைக்காதீர்கள். உருளும் பின்சக்கரம் குதிகாலில் ஏறும். எனக்கு ஏறியது.

கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். ரத்தன் பஜார் பக்கம் போனால் நான்கைந்து கடை ஏறி இறங்கலாம். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கச் சொல்லிப் பெடலைச் சுற்றுங்கள். பெரும்பாலும் ஒரு சக்கரத்துக்குத்தான் பவர் போகும். ஊருக்குள் அது போதும், ஆனால் பீச் ரோட்டில் மணல் படிந்த இடத்தில் அந்தச் சக்கரம் மாட்டினால் சும்மா சுற்றும். ஏறும் இடத்தில் கம்பி தாழ்வாக இருக்கிறதா பாருங்கள். பார்க்கிங் பிரேக் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் டீ குடிக்க இறங்கும்போது வண்டி தனியாகக் கிளம்பிவிடும். சென்னை சமதளம், கியர் எதற்கு என்பார்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முழங்காலைக் காப்பது அதுதான். பேட்டரி வண்டி என்றால் மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சட்டப்படி மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ் எல்லாம் வந்துவிடும்.

எடுத்துப்போகும் விஷயம். செடான் டிக்கியில் வைக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். காரின் பின்னால் மாட்டும் சைக்கிள் கேரியர் இரு சக்கரத்துக்கானது, இது அதில் சரியாக உட்காராது; உட்கார வைத்தாலும் நம்பர் பிளேட்டை மறைத்துவிடும். பின்சீட்டை மடக்கக்கூடிய கார் இருந்தால் கூடை, சீட், முன்சக்கரம் மூன்றையும் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி வைத்து, செயின் மேலே இருக்கும்படி படுக்க வைக்கலாம். அடியில் பழைய வேட்டி விரியுங்கள், கிரீஸ் கறை போகவே போகாது. இது ஒரு ஆள் வேலை இல்லை. என் அக்கா பையன் இருந்தவரை செய்தேன், அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் நின்றுவிட்டது.

அப்புறம் குட்டி யானை என்கிற மினி லாரி. அதன் தொட்டி சுமார் ஏழடி நீளம், வண்டி எதையும் கழற்றாமல் நிற்கும். "இன்னாம்மா இது, மீன்பாடி வண்டிய திருப்பி வெச்ச மாதிரி கீது?" என்று கேட்ட டிரைவர், ஸ்போக்ஸ் வழியாகக் கயிற்றை விட்டு இழுத்துக் கட்டினார். போய் இறக்கினால் பின்சக்கரம் கோணல். கயிறு நடுக்கம்பியில்தான் விழ வேண்டும், பிரேக்கைப் போட்டு சக்கரத்துக்கு அடியில் செங்கல் கொடுக்க வேண்டும். கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

அண்ணா நகரிலிருந்து பெசன்ட் நகர் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். வாராவாரம் போகவர குட்டி யானை வாடகை கட்டுப்படியாகாது. அடையாறு பக்கம் கீழ் வீட்டில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். உப்புக் காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கும், செயினுக்கு அடிக்கடி எண்ணெய் போடச் சொல்லிவையுங்கள். என் வண்டி இப்போது சாஸ்திரி நகரில் தங்கை வீட்டில் இருக்கிறது. ஞாயிறு விடியற்காலை நான் போகும்போதெல்லாம் சீட் இரண்டு இன்ச் இறங்கியிருக்கும், கூடையில் முருங்கைக்கீரைக் காம்பு கிடக்கும்.