தம்பி உள்ளே தெளிந்திருப்பதைப் பற்றி

அக்கா, சிறையில் மனு போட்டுப் பார்க்கப் போனபோது, குடியில் கிடந்த தம்பியின் முகம் தெளிந்திருந்தது, அதற்குச் சந்தோஷப்படுவதே தப்பாகத் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தப்பே இல்லை. நானும் குடித்தவன், 4 மாதம் ரிமாண்டில் (விசாரணைக் காவலில்) இருந்தவன். குடி நின்ற முதல் மூன்று நாள் கைநடுக்கம், வியர்வை. சிறை டாக்டர் கொடுத்த மாத்திரையால்தான் தாண்டினேன். அப்புறம் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. நான் எதிர்பார்க்காதது இதுதான்: போன வாரம் அம்மா சொன்னது இந்த வாரமும் நினைவில் இருந்தது. அதைக் கவனித்து அம்மா அழுதுவிட்டார்.

ஒன்று முக்கியம் அக்கா. பழைய அளவுக்குக் குடித்தால் அவன் உடம்பு இப்போது தாங்காது. ஜாமீனில் வரும் அன்று வாசலில் நீங்களே நில்லுங்கள், கூட்டாளிகள் வேண்டாம். அன்று மாலையே குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், கட்டணம் கிடையாது. போதை மீட்பு உதவி எண் 14446-க்கு இப்போதே பேசலாம்.