காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆயா எடுக்க மாட்டார்

ஐயா, வணக்கம்.

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட். முதுகலை ஆய்வுக்காக, தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களிடம் தடுப்பூசி பற்றிய மனப்பான்மையைக் கேட்டு வருகிறேன். கேள்விப் பாரத்தை இணைத்துள்ளேன். எல்லோரும் 'தடுப்பூசி நல்லது' என்றே டிக் போடுகிறார்கள். பிள்ளையின் ஊசிக் கார்டைப் பார்த்தால் நடுவில் கட்டங்கள் காலி. இது அறியாமைதானே? வாட்ஸ்அப் வதந்திகளையும் சேர்க்கலாமா? 'வேக்சின் ஹெசிடன்சி'யைத் தமிழில் 'தயக்கம்' என்று எழுதினால் சரியா?

கவிதா

அன்புள்ள கவிதா,

போன வாரம்தான் அம்மாவின் பழைய மைலோ டின்னைத் திறந்தேன். அடகுச் சீட்டு, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை), அதற்கடியில் தங்கச்சியின் ஊசிக் கார்டு. 1974. முதல் ஊசிக்கு முத்திரை இருக்கிறது. இரண்டாவது கட்டம் காலி. மறுநாளே உங்கள் கடிதம் வருகிறது, 'அறியாமை' என்று.

கோபம் வந்தது, மறைக்கவில்லை.

எங்கள் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். தோட்டத்து மருந்தாளர், டிரெஸ்ஸர், அங்கேயே வந்து ஊசி போட்டுவிடுவார், தோட்டத்துக்குள்ளேயே, காசில்லாமல். அப்புறம் என்ன குறை என்பீர்கள். முத்தடுப்பு ஊசி (தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா, கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும்) போட்ட ராத்திரி பிள்ளைக்கு உடம்பு சுடும். காய்ச்சல் கண்ட பிள்ளையை மறுநாள் ஆயா எடுக்க மாட்டார். முப்பது பிள்ளைகளோடு அவர் என்ன செய்வார், பாவம். அம்மா லயத்து வீட்டிலேயே உட்கார வேண்டும். அன்றைய சம்பளம் போச்சு. முதல் ஊசிக்கு இரண்டு நாள் போனது. இரண்டாவது ஊசி வந்தபோது தங்கச்சியைப் பக்கத்து லயத்துப் பாட்டியிடம் விட்டுவிட்டு அம்மா தன் மர வரிசைக்கு, நிரைக்குப் போய்விட்டார். ஊசி கெட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. டிரெஸ்ஸர் கேட்டதற்கு, "ஆமாங்கய்யா, அடுத்த தடவை கொண்டாந்துடுறேன்" என்றார். உங்கள் பாரத்தை நீட்டியிருந்தால் அவரும் 'நல்லது' என்றுதான் டிக் போட்டிருப்பார்.

தாளும் பேனாவுமாக வருகிறவரிடம் தோட்டத்து ஜனம் என்றைக்கு இல்லை என்று சொன்னது? தாள் எடுத்து வந்தவர் தோட்டத்துக் கணக்கர், கிராணி, அல்லது வீட்டைக் காலி பண்ணச் சொல்ல வந்தவர். நீங்கள் நம்ம ஊர்ப் பெண்தான், ஆனாலும் கையில் தாள் இருக்கிறதே.

'ஹெசிடன்சி'க்கு 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன விளக்கத்தைப் படித்திருப்பீர்கள்: தடுப்பூசி கிடைத்தும் அதை ஏற்கத் தாமதிப்பது அல்லது மறுப்பது. அந்தக் 'கிடைத்தும்' என்ற சொல்லில் எத்தனை அம்மாக்களின் சம்பளம் புதைந்திருக்கிறது! காரணங்களை நம்பிக்கை, அசட்டை, வசதி என்று மூன்றாகப் பிரிப்பதையும் அதே குழு எடுத்துக்கொண்டது. உங்கள் பாரத்தில் 14 கேள்விகள் நம்பிக்கை பற்றி. வசதிக்கு ஒன்றே ஒன்று: 'கிளினிக் அருகில் உள்ளதா?' உள்ளதும்மா, நடந்தே போகலாம். அன்றைக்கு அந்த அம்மா பேக்டரியில் எந்த ஷிப்ட், லீவு போட்டால் எவ்வளவு பிடிப்பார்கள், மறுநாள் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? கேட்டீர்களா? காலிக் கட்டத்தைக் காட்டி, "இந்த மாசம் வீட்டுல என்ன நடந்துச்சுக்கா?" என்று கேளுங்கள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பா? சேருங்கள், ஒரு கேள்வி போதும். எம்.எம்.ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 12 பிள்ளைகளை வைத்து 1998இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றது. இன்னும் அதை ஃபார்வர்ட் பண்ணுகிறவர்களில் பட்டம் வாங்கியவர்களும் உண்டு, அவர்களிடமும் பாரத்தை நீட்டுங்கள்.

ஊசி போடாவிட்டாலும் ஒன்றுமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பான் பிள்ளைகளைக் கொண்டுபோனதைப் பார்த்தோம். தங்கச்சி தப்பியது அதிர்ஷ்டம். அது அம்மாவுக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கார்டை ஐசியோடு வைத்திருந்தார்.

'தயக்கம்' பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், வேறு நல்ல சொல் எனக்கும் அகப்படவில்லை. கார்டின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் பென்சில் கணக்கு ஒன்று இருக்கிறது. பால் எடையா, கடைக்கடனா, எனக்கே பிடிபடவில்லை. உங்கள் அப்பத்தாவிடம் காட்டிப் பாருங்களேன்.