கட்டுமான வேலைகளில் பாதுகாப்பை எப்படி அளக்கிறார்கள்? விபத்தை முன்கூட்டியே கணிக்க முடியுமா?

அளக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் அளக்கச் சுலபமானதை மட்டும். கணிக்கவும் ஓரளவு முடியும். ஆனால் உங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்களே, இந்த வருட எல்.டி.ஐ. விகிதத்தை (அடிபட்டு வேலைக்கு வர முடியாமல் போன சம்பவங்களின் விகிதம்) வைத்து அடுத்த வருடத்தைச் சொல்லலாமா என்று, அது நடக்காது. எண்ணூர், மீஞ்சூர் பக்கத்து சைட்டுகளில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஐ.எஸ். 3786 என்ற இந்தியத் தரம் சொல்லும் முறை எளிதுதான். அடிபட்டு வேலைக்கு வர முடியாமல் போன சம்பவங்களை எண்ணி, 10 லட்சத்தால் பெருக்கி, எல்லோரும் சேர்ந்து உழைத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 400 பேர், தினம் 10 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 12 லட்சம் மணி நேரம். ஒருவர் அடிபட்டால் விகிதம் 0.83. இரண்டு பேர் என்றால் 1.67. ஏணியில் கால் வழுக்கிய ஒருவர் பக்கத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டாரா இல்லையா என்பதில் ஒரு கம்பெனியின் மொத்த லட்சணமும் இரட்டிப்பாகிவிடுகிறது!

சரி, யாருமே அடிபடவில்லை, விகிதம் 0. அப்போதாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. ஒன்றுமே நடக்காத இடத்தில் 3-ஐ மொத்த மணி நேரத்தால் வகுத்தால், உண்மையான விகிதம் எவ்வளவு உயரம் வரை இருக்க வாய்ப்புண்டு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த விதி இது. நம் 12 லட்சம் மணி நேரத்துக்கு, அதே மாதிரி 10 லட்சத்தால் பெருக்கினால், விடை 2.5 வருகிறது. 0 வாங்கிய சைட்டும் 2 வாங்கிய சைட்டும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இருக்கலாம். அமெரிக்காவில் கட்டுமானப் பாதுகாப்பை ஆராயும் பேராசிரியர் மேத்யூ ஹாலோவெல் குழு இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. 17 ஆண்டுகள், 3 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட உழைப்பு மணி நேரம். அங்கே பயன்படுத்தும் டி.ஆர்.ஐ.ஆர். (சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய எல்லாக் காயங்களின் விகிதம்) ஏறி இறங்குவதில் 96 முதல் 98 சதவீதம் வெறும் தற்செயல் என்று முடிவு வந்தது. அந்த விகிதத்துக்கும் உயிரிழப்புக்கும் தொடர்பே தெரியவில்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான்.

1931-இல் அமெரிக்கக் காப்பீட்டுத் துறையைச் சேர்ந்த ஹைன்ரிச் சொன்ன 300-29-1 முக்கோணத்தை (காயமில்லாத சம்பவம் 300, சின்னக் காயம் 29, பெரிய காயம் 1) உங்களுக்கும் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சின்னக் காயத்தைக் குறைத்தால் சாவும் தானாகக் குறையும் என்று பலர் அதை இன்னும் நம்புகிறார்கள். விரலை நசுக்குவது ஒன்று, ஆளைக் கொல்வது வேறொன்று. 2025 செப்டம்பர் 30 அன்று எங்கள் எண்ணூரிலேயே, அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் கட்டியிருந்த சாரம் சரிந்து, பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த 9 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி ஒன்று வரப்போகிறதா என்பதைக் கைவிரல் காயங்களின் பதிவேட்டில் தேட முடியாது.

அப்புறம் அந்தப் பதிவேடே எவ்வளவு நிஜம்? முன்பு நான் இருந்த ஒரு சைட்டில் 'விபத்தில்லா மாதம்' என்றால் எல்லோருக்கும் பிரியாணியும் குலுக்கலில் ஒரு மிக்ஸியும் உண்டு. கணுக்கால் வீங்கிய சென்ட்ரிங் பையன் ஒருவனை ஸ்டோரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், பிரசன்ட் போட்டார்கள். மேஸ்திரி என்னிடம் வந்து, "சார், எழுதிடாதீங்க, பையனுக்கு நாள் கூலி போயிடும், மத்தவனுங்க பிரியாணி போச்சுன்னு திட்டுவானுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பரிசு விபத்தைக் குறைக்கவில்லை, புகாரைக் குறைத்தது. அடிபடாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதும் நியர் மிஸ் நோட்டில் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை என்றால் எனக்குப் பயம்தான் வரும். 400 பேர் உயரத்தில் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஸ்பேனர் கூடவா கீழே விழாது?

கணிக்க உதவுவது எது என்று கேட்டால், நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பெர்மிட் புத்தகம், அதாவது ஆபத்தான வேலைக்கு முன் எழுதி வாங்கும் அனுமதிகள். கிரேன் தூக்குவதற்கான பெர்மிட்டில் காற்றின் வேகத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். காலை 8 மணிக்கே ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அன்றைய எல்லாத் தூக்கலுக்கும் 'ஓகே' என்று நிரப்பியிருப்பார்கள். காலையில் இங்கே காற்று அடங்கியிருக்கும். உச்சி வெயிலுக்குப் பிறகு கடற்காற்று கிளம்பினால் தூக்கிய ஷட்டரிங் தகடு சுற்ற ஆரம்பிக்கும், அது சுற்றாமல் இருக்கக் கட்டிய டேக் லைன் கயிற்றைப் பிடித்திருக்கும் ஆள் இழுபடுவார். காற்றுமானி கிரேன் உச்சியில்தான் இருக்கிறது, பெர்மிட்டில் அதன் அளவு இருக்காது. அதனால் நான் எண்ணுவது ஒன்றே: இந்த மாதம் எத்தனை பெர்மிட் மறுக்கப்பட்டது, எத்தனை வேலை நடுவில் நிறுத்தப்பட்டது? ஒன்றுமே இல்லை என்றால் அங்கே பெர்மிட் என்பது காகிதம் மட்டும்தான்.

அடுத்தது மஸ்டரில் புது முகங்கள். ஒரு கேங் கிளம்பிப்போய் புது கேங் வந்த வாரமும், ஸ்லாப் தேதி நெருங்கி இரவு ஷிஃப்ட் போட்ட வாரமும் ஒன்றாக வந்தால் நான் சாரத்தடியை விட்டு நகரமாட்டேன். வேலை தொடங்கும் முன் ஆட்களிடம் பேசும் பாதுகாப்புப் பேச்சு, டூல்பாக்ஸ் டாக், எத்தனை நடந்தது என்ற எண்ணிக்கை ஒன்றையும் சொல்லாது. தமிழில் பேசிவிட்டு ஒடியா, அசாமிய ஆட்களிடம் கையெழுத்து வாங்கினாலும் எண்ணிக்கையில் அது ஒன்று என்றுதான் ஏறும். பேசி முடித்ததும் யாராவது ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், அந்த விடையைக் குறித்து வையுங்கள்.

திரும்பத் திரும்ப எழுதப்படும் குறையையும் பார்க்க வேண்டும். கடலோரம் என்பதால் குழாய்களைக் கோத்துக் கட்டும் கப்லாக் சாரத்தின் குழாயும் கிளாம்பும் உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறும். 'துரு பிடித்த கிளாம்ப் மாற்றவும்' என்று அதே தளத்துக்கு மூன்றாவது முறை எழுதும் நிலை வந்தால், அது பொருள் வாங்கும் பிரிவுக்கான மதிப்பெண். ஐப்பசி மழைக்கு முன் பள்ளத்துக்குப் பக்கவாட்டுத் தாங்கல் வந்து சேர்ந்ததா என்பதும் அப்படித்தான். மணல் பாங்கான மண்ணில் ஒன்றரை மீட்டர் பள்ளமே ஆளைப் புதைக்கும்.

கேமரா, ஏ.ஐ. எல்லாம் வருகிறது. ஹெல்மெட் இல்லாத தலையை நன்றாகவே கண்டுபிடிக்கிறது. சாரத்தின் பின்பக்கம் குறுக்குக் குழாய் கட்டாமல் விட்டதை நான் பார்த்தவரை எந்தக் கேமராவும் சொல்லவில்லை.

ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். எல்.டி.ஐ. எண்ணை எந்தக் கம்பெனியும் சிரித்துக்கொண்டே கொடுக்கும், அதை வாங்கி வந்து ரிக்ரஷன் போடாதீர்கள். பெர்மிட் புத்தகம், மஸ்டர், சாரத்தின் டேக் பதிவு (சோதித்து மாட்டும் அட்டையின் பதிவு), ஸ்டோர் இண்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) இந்த நான்கையும் ஆறு மாதத்துக்குக் கேளுங்கள், வாரவாரியாக அடுக்கி, உயரம், தூக்கல், பள்ளம், மின்சாரம் சார்ந்த நியர் மிஸ்களோடு ஒப்பிடுங்கள். தரமாட்டார்கள் என்றால் சின்ன சைட்டாகப் பார்த்துப் போங்கள். அங்கே ஸ்டோர் கீப்பரைப் பழக்கம் பிடித்தால் போதும்.