பிரிஸ்டலின் பழைய பப்புகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் படிக்கிறாள். கோடையில் அவளைப் பார்க்க நானும் மனைவியும் போகிறோம். ஊர் சுற்ற இரண்டு நாள்தான் கிடைக்கும். பழைய பப்புகளைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்கிறாள். நாங்கள் குடிப்பதில்லை. அந்த நேரத்தில் கிளிஃப்டன் தொங்கு பாலத்தையும் பழைய கப்பலையும் நிதானமாகப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ரா.

அன்புள்ள ரா.,

மகள் சொல்வதைக் கேளுங்கள். பப்புக்குப் போனால் குடித்தாக வேண்டும் என்றில்லை. கவுன்டரில் ஒரு எலுமிச்சை சோடா கேளுங்கள், அங்கேயே காசைக் கொடுத்துவிட்டுப் பிடித்த இடத்தில் உட்காருங்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

முதலில் தாமஸ் லேன் என்ற குறுகிய சந்தில் இருக்கும் செவன் ஸ்டார்ஸ் பப்புக்குப் போங்கள். பிரிஸ்டலில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 1698 முதல் 1807 வரை இந்தத் துறைமுகத்திலிருந்து 2000-க்கும் மேற்பட்ட கப்பல் பயணங்கள் ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்துக்காகவே நடந்தன. அதற்கு எதிராகச் சாட்சியம் திரட்ட 1787-ல் தாமஸ் கிளார்க்சன் இங்கே வந்தார். வயது 27. விஷயம் தெரிந்த பழைய கேப்டன்கள் அவரைக் கண்டாலே விலகிப் போனார்கள். மாலுமிகளிடம்தான் கேட்டாக வேண்டும், மாலுமிகள் இருப்பதோ பப்புகளில்.

செவன் ஸ்டார்ஸை நடத்திய தாம்சன், அடிமைக் கப்பல்களுக்கு ஆள் சேர்த்துத் தர மறுத்தவர். அவர்தான் நள்ளிரவில் கிளார்க்சனை மார்ஷ் ஸ்ட்ரீட்டின் குடிக்கூடங்களுக்கு அழைத்துப் போனார். அங்கே கப்பலுக்கு ஆள் பிடிப்பவர்கள் மாலுமிகளுக்கு நினைவு தப்பும்வரை ஊற்றிக்கொடுத்துக் கப்பலில் ஏற்றுவார்கள். இல்லையென்றால் கடனில் சிக்கவைத்து, கப்பலா சிறையா என்று மிரட்டுவார்கள். இதையெல்லாம் கிளார்க்சன் நேரில் பார்த்து எழுதிவைத்தார். கப்பல்களின் ஆள்பட்டியலையும் புரட்டினார். அடிமை வியாபாரம் நல்ல மாலுமிகளை உருவாக்குகிறது என்று வியாபாரிகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாலுமிகளே கொத்துக்கொத்தாகச் செத்தார்கள் என்றது பட்டியல். அந்த வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. பப்பின் வெளிச்சுவரில் கிளார்க்சனுக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நின்று வாசியுங்கள்.

அப்புறம் கிங் ஸ்ட்ரீட்டில் லாண்டோகர் ட்ரோ. 1664-ல் கட்டிய மரச்சட்டக் கட்டிடம். முகப்பில் ஐந்து முக்கோணக் கூரைகள் இருந்தன, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் இரண்டு போய்விட்டன. தீவில் தனியே வாழ்ந்த மாலுமி செல்கிர்க்கை ‘ராபின்சன் குரூஸோ’ நாவலை எழுதிய டீஃபோ இங்கே சந்தித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். சான்று கிடையாது. கட்டிடத்துக்காகவே போகலாம்.

கப்பலை விட்டுவிடாதீர்கள். பொறியாளர் புருனெல் வடிவமைத்த எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் 1843-ல் இங்கே மிதக்கவிடப்பட்டது. இரும்பு உடல், நீருக்கடியில் சுழன்று கப்பலைத் தள்ளும் திருகு உந்தி. ஃபாக்லாந்து தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-ல் மீட்டு, கட்டிய அதே உலர்துறைக்கே கொண்டுவந்தார்கள். கண்ணாடித் தளத்துக்குக் கீழே இறங்கி அடிப்பகுதியைப் பாருங்கள். இரும்பு மேலும் துருப்பிடிக்காமலிருக்க அங்கே காற்றை உலர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். பாலத்துக்கு ஒரு மாலை போதும்.

எம் ஷெட் அருங்காட்சியகத்தில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலை பெயின்ட் கறைகளோடு படுத்த நிலையில் இருக்கிறது. 2020 ஜூனில் மக்கள் இழுத்துத் துறைமுகத்தில் தள்ளிய அதே சிலைதான். செவன் ஸ்டார்ஸுக்குப் போய்விட்டு இதைப் பார்ப்பது நல்லது. மக்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று மகளுக்கு நீங்களே விளக்கலாம்.

இரண்டாம் நாள் காலையை ஆர்னோஸ் வேல் கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். ராஜா ராம்மோகன் ராய் 1833 செப்டம்பரில் பிரிஸ்டலில்தான் இறந்தார். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டத்துக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கல்லறைமேல் நம்மூர்ப் பாணியில் ஒரு கல்மண்டபம் நிற்கிறது. தோட்டம் பெரியது, மேடும் பள்ளமுமானது. மனைவிக்கு நடக்கச் சிரமம் இருந்தால் வாசலிலேயே வழி கேட்டு நேராக அங்கே போய்விடுங்கள்.