ரோம் எப்போது விழுந்தது? கேள்வி பதில்

மேற்கு ரோமப் பேரரசு சரிந்த நூற்றாண்டுகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, கி.பி. 476-ல் ரோம் வீழ்ந்தது என்று போட்டித் தேர்வுக்குப் படித்தேன். அன்று என்னதான் நடந்தது?

பதில்: தேர்வில் 476 என்றே எழுதுங்கள். ஆனால் சம்பவம் நடந்தது ரோமில் அல்ல, அப்போது மேற்குப் பேரரசின் தலைநகராக இருந்த ராவென்னாவில். ஒடோவக்கர் என்ற படைத்தலைவர், ரொமுலுஸ் அகுஸ்துலுஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை, ஆண்டுதோறும் படி அளந்து, நேப்பிள்ஸ் பக்கம் குடியிருக்க அனுப்பிவிட்டார். அரசச் சின்னங்கள் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போயின. ரோமில் செனட் சபை வழக்கம்போல் கூடியது. கொலோசியத்தில் 523-ல்கூட விலங்கு வேட்டை நடந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் நகரம் எப்போதுதான் அழிந்தது?

பதில்: என்னைக் கேட்டால் 439, 537 என்ற இரண்டு ஆண்டுகளைச் சொல்வேன். முதலாவது சோற்றுக்கு வந்த கேடு. ரோமின் ஏழைகளுக்கு அரசு இலவசமாக ரொட்டி கொடுத்துவந்தது. அந்தக் கோதுமையும் எண்ணெயும் பெரும்பாலும் இன்றைய துனீசியப் பகுதியிலிருந்து வரியாகக் கப்பலில் வந்தன. 439-ல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் அந்தப் பகுதியின் தலைநகரான கார்த்தேஜைப் பிடித்தார்கள். அந்த வரிக் கோதுமை நின்றது. விளையாத ஊரில் லட்சக்கணக்கானவர்கள் எதைத் தின்று வாழ்வார்கள்? மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். 410-ல் கோத்து என்ற ஜெர்மானிய இனத்தின் தலைவர் அலாரிக் மூன்று நாள் அடித்த கொள்ளையைவிட இது கொடியது என்பதே என் துணிபு.

இரண்டாவது தண்ணீருக்கு வந்தது. கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ், அப்போது இத்தாலியை ஆண்ட கோத்துகளிடமிருந்து ரோமைக் கைப்பற்றியதும், 537-ல் கோத்துகள் நகரை முற்றுகையிட்டு, தொட்டிப்பாலங்களில் வந்த கால்வாய்கள் அத்தனையையும் உடைத்தார்கள். பெலிசாரியஸும் தன் பங்குக்கு அவற்றின் வாய்களைக் கல்வைத்து அடைத்தார். காரணம் உண்டு: முந்தைய ஆண்டு வறண்ட கால்வாய் ஒன்றின் வழியாகத் தன் வீரர்களை நுழையவிட்டுத்தான் அவரே நேப்பிள்ஸைப் பிடித்திருந்தார்.

கேள்வி: கிணறும் டைபர் ஆறும் இருந்தனவே, தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

பதில்: நல்ல கேள்வி. குடிக்கக் கிணறு போதும். குளியல் மாளிகைகளுக்குப் போதாது. அவை அத்தோடு மூடின. பெரிய இடி மாவு ஆலைகளுக்குத்தான். ஜானிகுலம் குன்றின் சரிவில் கால்வாய் நீரின் விசையில் ஓடிய ஆலைகள் நின்றன. கோதுமை இருந்தும் மாவு இல்லை.

பெலிசாரியஸ் என்ன செய்தார் தெரியுமா? பாலத்துக்குக் கீழே ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, இரண்டிரண்டு படகுகளை இரண்டடி இடைவெளியில் பிணைத்தார். படகுகளில் திரிகைகள், நடுவில் சக்கரம். ஆற்று ஓட்டமே சக்கரத்தைச் சுற்றியது! கோத்துகள் மேலிருந்து மரத்துண்டுகளையும், கொன்ற ரோமர்களின் உடல்களையும் மிதக்கவிட்டுச் சக்கரங்களை நொறுக்கினார்கள். அவர் பாலத்துக்கு மேற்புறம் இரும்புச் சங்கிலி கட்டி அவற்றைத் தடுத்தார். உடனிருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம், அந்த மாவுக்காகக் காத்திருந்த பெண்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

546-ல் கோத்து மன்னர் டோட்டிலா நகருக்குள் நுழைந்தபோது பொதுமக்களில் 500 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள் என்கிறார் புரோகோப்பியஸ். எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஊர் வெறிச்சோடிக் கிடந்தது என்பதை நம்பலாம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் கொள்ளைநோய்தான் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

பதில்: எல்லாவற்றுக்கும் என்றால் மிகை. 541-ல் எகிப்தின் பெலூசியத்தில் தொடங்கி மறு ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளை எட்டியது அது. பவேரியாவில் தோண்டிய அக்காலக் கல்லறைகளின் பற்களில் பிளேக் கிருமியின் மரபணுவே கிடைத்துவிட்டது. அதற்கு முன் 536-ல் எரிமலைத் தூசியால் சூரியன் மங்கி, நிலாவைப்போல் ஒளி குன்றித் தெரிந்தது. ஆனால் ரோமின் வரிக் கோதுமை அதற்கு நூறாண்டு முன்பே நின்றுவிட்டது. வரிசையைக் குழப்பக் கூடாது.

கேள்வி: நம் பக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. 408-ல் அலாரிக் முற்றுகையை விலக்கக் கேட்ட பணயத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்தது. இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு டன். அது சேரநாட்டு மலைச்சரக்கு. கரூர் அமராவதி ஆற்று மணலிலும் இலங்கையிலும் அக்காலத்து ரோமச் செப்புக்காசுகள் கிடைக்கின்றன. அவை பொன்காசு அல்ல, சின்னஞ்சிறு சில்லறை.

கேள்வி: பைசாந்தியர்கள் வேறு, ரோமர்கள் வேறா?

பதில்: இல்லை. கிழக்கு ரோமப் பேரரசின் மக்கள்தான் அவர்கள். 1453-ல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழும்வரை தங்களை ரோமர்கள் என்றே சொன்னார்கள். பைசாந்தியப் பேரரசு என்பது பின்னால் வந்த அறிஞர்கள் இட்ட பெயர்.

கேள்வி: அடுத்த மாதம் ரோமுக்குப் போகிறேன். இந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்க எங்கே போக வேண்டும்?

பதில்: பந்தியோன் என்ற பழைய கோயிலுக்குள் எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். 609-ல் தேவாலயமானதால்தான் அது பிழைத்து நிற்கிறது. ஆனால் முதலில், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் தனியாக நிற்கும் ஃபோக்கஸ் தூணைத் தேடுங்கள். 608-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட பேரரசருக்காக எடுத்தது. ஃபோரத்தில் பேரரசர் பெயரால் எழுந்த கடைசிச் சின்னம் அதுவே. தூண் புதிதாகச் செதுக்கியது அல்ல. பழைய கட்டடத்துத் தூணைப் பெயர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பீடத்தின் எழுத்துகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஃபோக்கஸின் பெயரைப் பிற்பாடு செதுக்கி எடுத்துவிட்டார்கள்.