கணவருக்கு எல்லாமே பர்ஃபெக்டா இருக்கணும், இது ஓசிடியா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயசு, அக்கவுன்ட்ஸ்ல வேலை. வீட்ல எல்லாம் அவர் போட்ட ரூல்ஸ்படிதான். பையன் நோட்டுல மார்ஜின் கோணலா இருந்தா பக்கத்தையே கிழிச்சு மறுபடி எழுத வைக்கிறார். இது ஓசிடியா டாக்டர்?

பதில்: நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாதும்மா, ஆனா நீங்க சொல்றது ஓசிடியவிட ஓசிபிடிங்கற ஆளுமைக் கோளாறு மாதிரிதான் தெரியுது. ஓசிடிங்கறது வேண்டாத எண்ணமோ செயலோ விடாம திரும்பத் திரும்ப வர்ற மனநலப் பிரச்சினை; அது இருக்கறவர் பூட்ட திரும்பத் திரும்ப இழுத்துப் பாத்துட்டு, இது தேவையில்லன்னு தெரிஞ்சும் நிறுத்த முடியலயேன்னு பெரும்பாலும் அவரே தவிப்பார். ஓசிபிடில அந்தத் தவிப்பு இருக்காது, நான் பண்றதுதான் சரி மத்தவங்கதான் அலட்சியம்னு நம்புவாங்க, அதனாலயே முதல்ல எங்ககிட்ட கேக்கறது உங்கள மாதிரி வீட்ல இருக்கறவங்கதான். சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

ஒழுங்கா இருக்கறது நோய் இல்ல. ஆனா ஒரு லெட்டர திருத்தித் திருத்தி கடைசிவரைக்கும் அனுப்பாமலே வச்சிருக்கறது, யாரையும் நம்பி வேலைய விடாதது, லீவ்லயும் சும்மா உக்கார முடியாதது, உடைஞ்ச பொருளக்கூட தூக்கிப்போட மனசு வராதது, காச இறுக்கிப் பிடிக்கறது, இப்படி மனநோய்கள கண்டறிய டாக்டர்கள் பாக்கற டிஎஸ்எம் கையேட்டுல ஓசிபிடிக்கு 8 குணம் இருக்கு, அதுல குறைஞ்சது 4 இருக்கணும், அதுவும் இளவயசுலேர்ந்தே இருந்திருக்கணும்.

இதுக்குன்னு தனியா மாத்திரை கிடையாது. கூடவே டிப்ரஷன், பதட்டம் இருந்தா எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை குடுப்போம். முக்கியமா உதவறது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்த உதவற சிபிடி மாதிரி பேச்சு சிகிச்சைதான். மெயில ஒரே தடவ படிச்சிட்டு அனுப்பச் சொல்லுவாங்க, பீரோவ நீங்க அடுக்கினா அவர் கை வைக்காம இருக்கணும்பாங்க, அப்படி விட்டா பயந்த அளவுக்கு எதுவும் ஆகலன்னு அவரே பாக்கணும். மாசக்கணக்குல ஆகும், ஆனா மாறுறாங்க.

"உங்களுக்கு மனநோய்"னு மட்டும் பேச்ச ஆரம்பிச்சுடாதீங்க, கதவ சாத்திடுவார். தூக்கமில்ல, ஆபீஸ் டென்ஷன்னு அவரே புலம்பற விஷயம் ஏதாவது இருக்கும், அதுக்காகப் போய் ஒரு டாக்டர பாப்போம்னு கூப்பிடுங்க. டவல் மடிக்கறதுக்கெல்லாம் சண்டை வேணாம், ஆனா நோட்டு கிழிக்கற விஷயத்துல விட்டுக்குடுக்காதீங்க, பையன் இல்லாத நேரமா பாத்து அமைதியா, ஆனா கண்டிப்பா சொல்லுங்க. அவர் வரலன்னாலும் நீங்க தனியா ஒரு கவுன்சிலர பாக்கலாம். இல்லன்னா 14416ன்னு டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் இருக்கு, காசு கிடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.