இலிமாவுக்கு அரிசி கழுவிய தண்ணீர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

ஹொனலுலுவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, லனாயில் (இங்கே பால்கனிக்கு அதுதான் பெயர்) பூச்செடி வைக்க ஆசையாக இருக்கிறது, அம்மா வரும்போது அடுக்குச் செம்பருத்திக் குச்சியும் மல்லிகைப் பதியனும் எடுத்துவரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் "இலிமா வை" என்கிறார்களே, அது என்ன செடி, எப்படி வளர்ப்பது, சாமிக்குப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அக்கா என்று எழுதியிருப்பதால் அந்த உரிமையில் கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். குச்சியும் வேண்டாம், பதியனும் வேண்டாம், ஈரத்துணியில் சுற்றிய வேரும் வேண்டாம். அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வரும் செடியை விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். மறைத்து மாட்டினால் அபராதம் வேறு. நானும் வந்த புதிதில் "ஒரு குச்சியால் என்ன ஆகிவிடும்" என்று முணுமுணுத்தவள்தான். நம் ஊர்த் தென்னையில் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு தெரியும் அல்லவா? அதுவும் வெளியிலிருந்து வந்து நுழைந்ததுதான், 2013 கடைசியில் இந்த ஒவாஹு தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது மேற்குக் கரைப்பக்கம் போனால், கத்தரிக்கோலால் முக்கோண முக்கோணமாக வெட்டியதுபோல் மட்டை விரித்த தென்னைகள் நிற்கின்றன. நான் உடன்குடிக்காரி. அந்த வெட்டைப் பார்த்ததுமே அப்பாவின் தோப்பு நினைவுக்கு வந்தது. அதன்பிறகு முணுமுணுப்பதை விட்டுவிட்டேன்.

மல்லிகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது நமக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. நாற்றுப்பண்ணையில் "பிகாகே" என்று கேளுங்கள். ஹவாய் மொழியில் பிகாகே என்றால் மயில். இளவரசி கையுலானிக்கு மயிலும் பிடிக்கும், இந்தப் பூவும் பிடிக்கும். மயிலின் பெயரே பூவுக்கும் ஒட்டிக்கொண்டது. நம்முடைய குண்டுமல்லிதான். முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி இலிமா. பார்த்தவுடன் உங்களுக்குத் துத்தி நினைவு வரும். தப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பம். நம் ஊர்க் குறுந்தோட்டி இன்னும் நெருக்கம், ஒரே பேரினம். இலிமாவின் தாவரவியல் பெயர் சைடா ஃபாலக்ஸ். பூ இரண்டு, மூன்று செ.மீ. அகலம்தான் இருக்கும், ஐந்து இதழ், மஞ்சளில் தொடங்கிச் செம்மஞ்சள் வரை நிறம், தொட்டால் பட்டுக்காகிதம் மாதிரி. காலையில் விரிந்து அன்றைக்கே முடிந்துவிடும். இதற்கா இவ்வளவு ஆரவாரம் என்று முதலில் நினைத்தேன். ஒரு மாலைக்கு, அதுவும் ஒரே ஒரு சரத்துக்கு, 500 பூவுக்குக் குறையாமல் வேண்டும் என்று தெரிந்தபிறகுதான் மரியாதை வந்தது. நாம் நாரில் வைத்துக் கட்டுவோம். இவர்கள் பூவின் நடுவே ஊசியை விட்டு ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக் கோர்ப்பார்கள். முடிந்ததும் மஞ்சள் கயிறு போல இருக்கும். விடியுமுன் மொட்டாகவே பறித்துவிட வேண்டும். மாலையாகக் கோர்ப்பதற்கென்றே ஹவாய் மக்கள் அந்தக் காலத்தில் பயிரிட்ட செடி இது. 1923-இல் தீவுக்கு ஒரு பூ என்று சட்டசபை வகுத்தபோது ஒவாஹுவுக்கு இலிமாவைக் கொடுத்தார்கள். மே 1 லெய் தினத்தில் (லெய் என்றால் மாலை) ஒவாஹுவைக் குறித்து நிற்பவர் அணிவது இந்த மஞ்சளைத்தான்.

வளர்ப்பதற்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இங்கே வழி கேட்டால் யாரும் கிழக்கு, மேற்கு என்று சொல்வதில்லை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். மலைப்பக்கம் "மௌகா", கடல்பக்கம் "மகாய்". நமக்கு இது புதிதில்லை. மேலே மலை இருப்பதால் மேற்கு, கீழே கடல் இருப்பதால் கிழக்கு என்று நம் முன்னோரும் நிலத்தைப் பார்த்துத்தான் திசைக்குப் பெயர் வைத்தார்கள். செடி விஷயத்தில் இது வெறும் பேச்சு வழக்கில்லை. விமான நிலையப் பக்கம் ஆண்டு மழை 450 மி.மீ.கூடத் தேறாது. அங்கிருந்து காரில் அரை மணி மௌகாவாகப் போய் மனோவா பள்ளத்தாக்கின் உள்ளே லயன் தாவரப் பூங்காவில் நின்றால் சுமார் 4,000 மி.மீ. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தை மலை பிழிந்து வைத்துக்கொள்கிறது, கடல்பக்கத்துக்குச் சக்கைதான் வருகிறது. ஒரே நகரம், ஒரே அஞ்சல் முத்திரை, ஆனால் செடிக்கு அது இரண்டு தேசம். நீங்கள் எந்தத் தேசத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதை எழுதவே இல்லை. லனாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் தெரியவில்லை.

இலிமா வறண்ட, மகாய்ப் பக்கத்துச் செடி. கடற்கரை மணலில் தரையோடு படர்வது ஒரு வகை, அதை "இலிமா பாபா" என்பார்கள். வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் போர்வையாக இலைமேல் சாம்பல் நிறத்தில் மென்மயிர் போர்த்தியிருக்கும். உள்ளே, மேட்டில் வளர்வது நிமிர்ந்த புதர், ஆள் மார்பளவுகூட வரும், இலை பச்சையாக இருக்கும். மாலைக்காக வளர்ப்பவர்கள் நிமிர்ந்த வகையைத்தான் வைப்பார்கள். உங்கள் லனாயில் கடற்காற்று நேராக அடித்தால் படரும் வகையை வாங்குங்கள். எது வாங்கினாலும் நாற்றுப்பண்ணையில் வாங்குங்கள்; கடற்கரையில் நடக்கும்போது பிடுங்கிவிடாதீர்கள். காட்டில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் தீவின் மேற்குக் கோடியிலுள்ள கயெனா முனைக்கு ஒருநாள் நடந்துவிட்டு வாருங்கள். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், வழியில் நிழல் கிடையாது.

நான் என் முதல் இலிமாவைக் கொன்ற கதையைச் சொல்கிறேன். கொன்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்று வாங்கி, கறுப்பு மண் நிரப்பி, தினமும் காலையில் அரிசி கழுவிய தண்ணீர், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புளித்த மோர் என்று ஊரில் செம்பருத்திக்குச் செய்ததையெல்லாம் செய்தேன். மூன்றாம் வாரம் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். அடித்தண்டு கறுத்து ஒருநாள் அப்படியே சாய்ந்தது. இரண்டாவதற்கும் அதே கதி. பக்கத்து வீட்டில் ஹவாய்க்கார மூதாட்டி ஒருவர் இருந்தார். இங்கே பெரியவர்களை எல்லோரும் நம்மைப் போலவே ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஆன்ட்டி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இதை நீ ரொம்பக் கவனிக்கிறாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தேரி மணலில் துத்தி தானாக முளைத்துத் தானாகப் பூப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவர் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆகவே: வெயில் குறைந்தது ஆறு மணி நேரம், நேராக விழ வேண்டும். அடியில் துளையுள்ள மண்தொட்டி, ஒன்றரைச் சாண் விட்டமாவது இருக்கட்டும். மண் கலவையில் பாதிக்குப் பாதி எரிமலைச் சரளை போடுங்கள், இங்கே மூட்டையாகவே கிடைக்கும். ஊற்றிய தண்ணீர் நின்று யோசிக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும். நட்ட முதல் இரண்டு மாதம் வேர் பிடிக்கும்வரை ஈரம் காயாமல் பாருங்கள். பிறகு விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே மழைக்காலம், நம் வடகிழக்குப் பருவமழை மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உரமும் கொஞ்சமாகத்தான். தழைச்சத்து ஏறினால் இலை கொழுக்கும், பூ வராது.

நாற்று ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பூ புதுக் கிளையில்தான் வரும், கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். ஆனால் வயதான தண்டில் இலையே இல்லாத இடம்வரை ஒட்ட வெட்டினால் திரும்பத் தழைக்குமா என்று சொல்ல முடியாது. பச்சை இருக்கும் இடத்திலேயே கவாத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். இது சில வருடம் இருந்துவிட்டுப் போகிற செடி. அதனால் காய் பழுப்பேறிக் காய்ந்ததும் விதையை எடுத்து வையுங்கள். விதைத்தோல் கெட்டி. வெண்டை விதையை ஊறப்போடுவதுபோல், ஆனால் கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் போட்டு ஒரு இரவு விட்டு விதையுங்கள். முளைக்க வாரக்கணக்கில் ஆகலாம், தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

பூச்சிகள் எல்லாம் தெரிந்த முகங்கள்தான்: அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, இவற்றைச் சுமந்து திரியும் எறும்பு. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்; அடங்காவிட்டால் வெயில் தாழ்ந்தபின் வேப்ப எண்ணெய் தெளியுங்கள். ஒன்று மட்டும் புதிது. காலையில் எழுந்து பார்த்தால் இலை சல்லடையாக இருக்கும், பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படாது. அது சீன ரோஜா வண்டு. பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருந்து பொழுது சாய்ந்தபின் வந்து மேயும். மருந்தைவிட நல்ல வழி விளக்கு. இருட்டத் தொடங்கியதும் செடிமேல் வெளிச்சம் விழும்படி இரண்டு மணி நேரம் விளக்கெரியவிட்டால் வண்டு அண்டாது. விளக்கு கீழ்நோக்கியே இருக்கட்டும், இலையுதிர் மாதங்களில் கடற்பறவைக் குஞ்சுகள் வெளிச்சத்தில் குழம்பித் தரையில் விழுந்துவிடும்.

உங்கள் வீடு மனோவாவின் உள்பக்கமாக இருந்தால், வெயில் நாலு மணி நேரம்கூடத் தேறாவிட்டால், இலிமாவை மறந்துவிடுங்கள். அங்கே வேறொன்று இருக்கிறது: கோகியோ கெயோகெயோ, இந்த மலைகளின் சொந்த வெள்ளைச் செம்பருத்தி. செம்பருத்தி இனத்தில் வாசனை உள்ளவை அபூர்வம். இதற்கு வாசனை உண்டு. குச்சியிலிருந்தே வேர்விடும், உங்கள் அரிசி கழுவிய தண்ணீரையும் சந்தோஷமாகக் குடிக்கும். கடைப் படங்களில் பார்க்கும் சிவப்பு, இளஞ்சிவப்பு வகைகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்த கலப்பினங்கள். 1988 முதல் மாநில மலராக இருப்பது மாஒ ஹௌ ஹெலே என்ற உள்நாட்டு மஞ்சள் செம்பருத்தி. காட்டில் அழியும் நிலையில் இருக்கிறது, லனாய்க்கு அடங்காத உயரமும் வளரும். அதில் இப்போது கை வைக்க வேண்டாம்.

சாமிக்கு ஆகுமா என்றால், பிள்ளையாருக்கு எருக்கும் சிவனுக்குத் தும்பையும் போடுகிற நாம் இலிமாவை ஏன் தள்ள வேண்டும்? நான் 15 வருடமாகப் போடுகிறேன், யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எருக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கே அதற்குக் கிரீடப்பூ என்று பெயர், அரசி லிலியுவோகலானிக்குப் பிரியமான பூ, மாலையாகக் கோர்த்து மனிதர்களுக்கே போடுவார்கள். என் மகனுடைய பட்டமளிப்பு விழாவில் அவன் நண்பன் ஓர் எருக்க மாலையை அன்போடு கொண்டுவந்து அவன் கழுத்தில் போட்டான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வீடு திரும்பும்வரை பேசவில்லை. பிறகு மாலையைக் கழற்றிப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தானே இருப்பீர்கள்? லனாயில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். ஆறு மணி நேரம் தேறினால் என்னிடம் இலிமா நாற்று நான்கு கோப்பைகளில் நிற்கிறது, இரண்டை எடுத்துக்கொள்ளலாம். தொட்டியும் சரளையும் மட்டும் வாங்கி வையுங்கள். மோர் வேண்டாம்.